நான்காம் குரலுக்குப் பத்து மதிப்பெண்

மருத்துவமனையின் விசாரணைத் தொலைபேசி அறை தரைத்தளத்தில், மருந்துக் கிடங்குக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் இருந்தது. மூன்று மேசைகள், மூன்று கணினிகள், ஒரு சன்னல். அங்கே வேலை பார்த்த மூவருக்கும் பார்வை கிடையாது. யார் எந்த வார்டில் இருக்கிறார், எத்தனையாவது மாடி, எத்தனை மணிக்குப் பார்க்கலாம் என்று வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கணினித் திரையில் இருப்பதைத் திரைவாசிப்பான் குரலில் வாசிக்கும். இடது காது கணினிக்கு, வலது காது மனிதருக்கு. இதுதான் அந்த அறையின் வழக்கம். ஒரு காதில் பதிவேடு ஓடிக்கொண்டிருக்கும்போதே மறு காதில் யாரோ ஒருவர் அழுதுகொண்டிருப்பார். இரண்டையும் கேட்டுத்தான் வாய் திறக்க வேண்டும்.

நடு மேசைக்காரியை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிட்டார்கள். சாதாரணப் பேச்சைவிட மூன்று மடங்கு வேகத்தில் திரைவாசிப்பானை ஓடவிட்டுக் கேட்பவள் அவள். பக்கத்தில் நிற்பவருக்கு அது தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல்தான் இருக்கும். அந்தக் குரலுக்கே தகரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். தகரத்துக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, உயிரும் இல்லை. ஆனால் எவ்வளவு விரட்டினாலும் ஓர் எழுத்தைக்கூட விழுங்காது.

கேட்ட தகவலைச் சொல்லி முடித்ததும் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்வது மின்னலின் பழக்கம். "லிஃப்ட்டுக்கு எதிர்ல பெஞ்ச் இருக்கும்மா, ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டு மேல போங்க." "அவர் பேரைச் சொல்லி நானும் வேண்டிக்கிறேன்." சொன்னபடியே வேண்டிக்கொள்ளவும் செய்வாள். அடுத்த மணி அடிப்பதற்குள் கிடைக்கும் இரண்டு மூன்று விநாடி அவளுடைய கடவுளுக்குப் போதுமாயிருந்தது.

அந்த ஆண்டு பழைய கணினிகளை மாற்ற முடிவானது. புதிய மென்பொருளில் ஆறு குரல்கள் இருந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து எல்லாக் கணினிகளிலும் ஏற்றுவார்கள். ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கு. ஆறையும் கேட்டுப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும்படி மூவரிடமும் ஒலிப்பதிவைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. மின்னல் துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். மகள் தலையணையில் சாய்ந்துகொண்டு கேட்டாள். ஆற்றங்கரையில் தொலைந்துபோன ஒரு கன்றுக்குட்டியின் கதையை ஆறு குரல்களும் மாறி மாறி வாசித்தன. நான்காவது குரல் வந்தபோது மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, யாரும்மா இது? பக்கத்துல உட்கார்ந்து சொல்ற மாதிரியே இருக்கு!"

அந்தக் குரல் வாக்கியத்துக்கு வாக்கியம் மெல்ல மூச்சு விட்டது. கன்றுக்குட்டி தாயைக் கண்ட இடத்தில் கொஞ்சம் கரகரத்தது. மின்னலின் கையில் இருந்த சட்டை மடிபடாமல் அப்படியே நின்றது. பதினோரு வருடமாகத் தகரத்தைக் கேட்டுக் காய்ந்துபோயிருந்த காது அது. நான்காம் குரலுக்குப் பத்து போட்டாள். ஐந்தாவது குரல் அச்சு அசல் தகரத்தின் தம்பி. மகள் காதைப் பொத்திக்கொள்ள, அதற்கு இரண்டு போட்டாள்.

மற்ற இருவரும் அதையேதான் செய்திருந்தார்கள். மேலாளருக்கு ஏக சந்தோஷம். "மூணு பேரும் ஒரே மாதிரி பத்து! எனக்கு வேலையே வைக்கல நீங்க" என்றார். புதன்கிழமை சோதனையாக நான்காம் குரல் வந்தது. வெள்ளிக்கிழமை கையெழுத்து. திங்கள்கிழமை பழைய கணினிகளோடு தகரமும் வெளியே போய்விடும்.

புதன்கிழமை முதல் மணிநேரத்திலேயே மின்னலுக்கு வியர்த்துவிட்டது. நான்காம் குரலை மூன்று மடங்கு விரட்டினால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்தன. வேகத்தைக் குறைத்தால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நிதானமாக மூச்சு விட்டது. நோயாளி பெயர் என்று சொல்லி ஒரு மூச்சு. வார்டு என்று சொல்லி ஒரு மூச்சு. அதற்குள் வலது காதில் இருப்பவர் "ஹலோ, ஹலோ, இருக்கீங்களா?" என்று தவித்தார். அவருக்குப் பின்னால் காத்திருப்பவர்களுக்கான மணி விட்டு விட்டு ஒலித்துக்கொண்டே இருந்தது.

வலப்பக்க மேசைக்காரருக்கு வானொலி என்று பட்டப்பெயர். வாய் ஓயாது. அவர் அன்று மத்தியானம் தண்ணீர் குடிக்க எழுந்தவர், "மின்னலு, எனக்கே பேச நேரம் இல்லைன்னா பார்த்துக்கோ. என் பொண்டாட்டி கேட்டா இந்தக் குரலுக்குக் கோயிலே கட்டிடுவா" என்றார்.

மின்னல் சிரிக்கவில்லை. "அண்ணா, காலையில இருந்து ஒருத்தர்கிட்டகூட நான் கவலைப்படாதீங்கன்னு சொல்லலை. மாடி, வார்டு, வைங்க போனைன்னு ஆயிடுச்சு. ஒருத்தர் அழுதுட்டே நன்றின்னார். நான் லைனை வெட்டிட்டேன்."

வானொலி குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா வாயைத் திறந்தா என்ன சொல்லுவாங்க? நீங்கதானே பத்து போட்டீங்கன்னுவாங்க. இவங்களுக்கு என்ன வேணும்னு இவங்களுக்கே தெரியலன்னு சொல்லி, போன்ல மெஷினையே பேச விட்டுடுவாங்க. நாம மூணு பேரும் கிடங்குல மருந்துப் பெட்டிக்கு லேபிள் ஒட்டிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அழைப்புகள் தேங்கினால் தானியங்கிப் பதிலுக்கு மாற்றிவிடுவோம் என்று மேலிடம் ஏற்கெனவே சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. பேசாமல் இருந்தாலும் வேலை போகும். பேசினால் இன்னும் சீக்கிரம் போகலாம்.

வியாழக்கிழமையும் அப்படியே போனது. மாலை விளக்கேற்றி உட்கார்ந்தபோது, வேலை நிலைக்க வேண்டும் என்று கேட்கத்தான் மின்னல் கை கூப்பினாள். கேட்க வாய் வரவில்லை. பத்து போட்டது யார்? துணி மடித்துக்கொண்டு, கதை கேட்கும் சுகத்தில், வேலைக்கான குரலுக்கு மார்க் போட்டது தான்தானே? தப்பை ஒப்புக்கொள்ளும் தைரியத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்தாள். அந்த மாதிரி வேண்டுதல் காத்திருக்க வைப்பதில்லை.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே புதிய மென்பொருளை விற்கும் குரல் நிறுவனத்துப் பெண்ணும் இருந்தாள். கையெழுத்துக்கான தாள்கள் மேசையில் சரசரத்தன.

"சார், நான் போட்ட மார்க் தப்பு. நாலாவது குரலை வெச்சு எங்களால வேலை பார்க்க முடியாது. அஞ்சாவது வேணும்."

"அஞ்சாவதா? அதுக்கு நீங்க ரெண்டு போட்டிருக்கீங்கம்மா. நாலுக்குப் பத்து. பாருங்க, இங்கேயே..." தாளை நீட்டப் போனவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "சரி, என்னம்மா இது? ஆளுக்கொரு பேச்சுன்னா கேட்கலாம், ஒரே ஆளு நாளுக்கொரு பேச்சா?"

"தப்பு என்னோடதுதான் சார். யார் மேலயும் பழி போட வரல. ஆனா திங்கக்கிழமைக்கு அப்புறம் போன்ல வர்றவங்க அந்தத் தப்பால காத்துக் கிடப்பாங்க."

மேலாளர் பேனா மூடியைத் திறந்தார். அப்போதுதான் நிறுவனத்துப் பெண் வாய் திறந்தாள்.

"அக்கா, வீட்டுல எந்த வேகத்துல கேட்டீங்க?"

"நீங்க குடுத்த வேகத்துலதான். சாதாரணப் பேச்சு வேகம்."

"வேலையில?"

"மூணு மடங்கு."

அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். அது நான்காம் குரலின் மூச்சைப்போல இல்லை, நிஜமாகவே கனத்திருந்தது. "சார், எங்க படிவத்துல வேகம்னு ஒரு கட்டமே கிடையாது. இனிமையா, இயல்பா, இதமான்னு மூணே கேள்வி. கேள்வி எழுதினது நான்தான். வேலைக்குக் குரல் கேட்டவங்ககிட்ட கதையைப் போட்டுக் காட்டியிருக்கேன். அக்காவோட தப்புல பாதி என்னோடது."

கையெழுத்து தள்ளிப்போனால் அவளுக்குத்தான் நஷ்டம். அது தெரிந்தும் சொன்னாள். பெரிய தியாகமெல்லாம் இல்லை. கையில் இருந்த உண்மையை மேசையில் வைத்தாள், அவ்வளவுதான். உலகம் பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்ன உபகாரங்களில்தான் நடக்கிறது.

"பத்து போன் நாலாவது குரல்ல, பத்து போன் அஞ்சாவதுல. இப்பவே பார்த்துடலாமா சார்? நீங்களும் ஒரு ஹெட்போன் மாட்டிக்கோங்க. இடது காதுல கம்ப்யூட்டர், வலது காதுல ஆளு, அக்கா கேட்கற மாதிரியே."

மேலாளர் பேனாவை மூடினார். "வாங்க" என்றார்.

முதல் பத்து அழைப்புகளை மின்னல் நான்காம் குரலில் எடுத்தாள். வேண்டுமென்றே தாமதிக்கவில்லை, அது பொய்யாகிவிடும். புரிகிற அளவுக்கு வேகத்தைக் கூட்டி, உயிரைக் கொடுத்து வேலை செய்தாள். பதில்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. "மூணாவது மாடி, எட்டாம் வார்டு." "நாலு மணிக்கு மேல." வேறு ஒரு சொல் இல்லை. பத்தொன்பது நிமிடம் ஆனது. காத்திருந்தவர்களில் மூன்று பேர் சலித்து இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

பிறகு ஐந்தாம் குரல். மேலாளரின் இடது காதில் மழை கொட்டத் தொடங்கியது.

"ஐயோ, இது பேச்சா? பொரிகடலையை டப்பாவுல போட்டுக் குலுக்கற மாதிரி இருக்கு!"

"சும்மா இருங்க சார், எங்க ஆள் தேரோட்டறா" என்றார் வானொலி, தன் மேசையிலிருந்து.

மின்னலின் விரல்கள் விசைகளில் நடந்தன. எதிர்முனையில் பெயரைச் சொல்லி முடிக்கும் முன்பே வார்டு அவள் காதில் இருந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. ஒன்பதாவது அழைப்பில் ஒரு பெண் பேசவே முடியாமல் விம்மினாள். கணவருக்கு அறுவை சிகிச்சை, எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை. இடது காதில் ஒரே வீச்சில் விவரம் கொட்டி முடிந்தது. மின்னல் அவசரமே படவில்லை.

"அம்மா, இங்கதான் இருக்கார், ரெண்டாவது மாடி. ஆபரேஷன் முடிஞ்சு, கண்காணிப்பு அறைக்கு மாத்திட்டாங்க. முடிஞ்சிடுச்சும்மா, கேட்டுதா? மெதுவா மூச்சு விடுங்க. படியில ஏறாதீங்க, வாசலுக்கு வலது பக்கம் லிஃப்ட் இருக்கு. அங்க நர்ஸ்கிட்ட பேரைச் சொல்லுங்க, போதும். நானும் அவருக்காக வேண்டிக்கிறேன்."

"நீங்க யாரும்மா?" என்றது எதிர்முனை.

"போன் எடுக்கறவம்மா. போயிட்டு வாங்க."

பத்தாவதும் முடிந்தது. நிறுவனத்துப் பெண் கைபேசியில் நிமிடக் கணக்கைப் பார்த்தாள். "பன்னிரண்டு. யாரும் லைனை வெட்டல. இவ்வளவு பேசியும் பன்னிரண்டு!"

மேலாளர் காதிலிருந்ததைக் கழற்றி மேசைமேல் மெல்ல வைத்தார்.

"நாலாவதுல கம்ப்யூட்டர் அன்பாப் பேசுச்சு, நீங்க மெஷின் மாதிரி பேசுனீங்க. இதுல அது மெஷினா இருந்துச்சு, நீங்க..." முடிக்காமல் நிறுத்திவிட்டு, நிறுவனத்துப் பெண்ணிடம் திரும்பினார். "ஒரே குரல்தான்னு யார் சட்டம் போட்டது?"

"நாங்கதான் சார். மாத்திக்கலாம். வேலைக்கு அஞ்சாவது. வீட்டுல கதை கேட்க நாலாவது, அதையும் சேர்த்துத் தர்றோம். அவங்கவங்க வேகம் அவங்கவங்க கையில. நிறுவனத்துல என்ன திட்டுவாங்களோ தெரியாது. ஆனா படிவத்துல வேகம்னு ஒரு கட்டத்தை இன்னைக்கே சேர்க்கறேன்."

"போனை மெஷின்கிட்ட விடறதைப் பத்தி மேல நான் எழுதறேன்" என்றார் மேலாளர். "பன்னிரண்டு நிமிஷம்னு எழுதறேன். மெஷின் வந்து இதைச் செய்யட்டும் பார்க்கலாம்னு எழுதறேன்!"

வானொலி மேசையைத் தட்டோ தட்டென்று தட்டினார். இடப்பக்க மேசையில் இதுவரை வாய் திறக்காத மூன்றாமவரும் சேர்ந்து தட்டினார். மருந்துக் கிடங்கிலிருந்து யாரோ, "அங்க என்னப்பா, கல்யாணமா?" என்று குரல் கொடுத்தார்கள்.

"அதுக்கும் மேல!" என்று கத்தினார் வானொலி.

திங்கள்கிழமை புதிய கணினிகள் வந்தன. மின்னல் ஐந்தாம் குரலை மூன்று மடங்கில் வைத்து, சிறிது யோசித்து, இன்னும் ஒரு படி கூட்டினாள். முதல் மணி அடித்தது. தன் தம்பி எந்த வார்டில் என்று கேட்டு ஒரு பெரியவர். இடது காதில் தகரத்தின் தம்பி குதிரைபோல் ஓடி முடிக்க, வலது காதில் அவர் மெல்ல மெல்லப் பேசினார். அவர் முடிக்கும்வரை காத்திருந்து, மாடி சொல்லி, வார்டு சொல்லி, பெஞ்ச் இருக்கும் இடமும் சொன்னாள்.

"நல்லா இரும்மா" என்றார் பெரியவர். "இந்தக் காலத்துல இவ்வளவு நிதானமா யாரு பேசறாங்க!"

அடுத்த மணி அடிப்பதற்குள் மின்னலுக்கு மூன்று விநாடி இருந்தது. பெரியவருடைய தம்பியின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டாள். அப்புறமும் ஒரு விநாடி மிச்சம் இருந்தது. அதில் வாய்விட்டுச் சிரித்தாள்.