மஞ்சள் கோட்டுக்கு அப்பால்

திருப்பத்தில் வண்டிகள் முட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக, காரைக்குடியின் அந்தத் தெருமுனையில் ஓரக்கற்களின் மேல் நகராட்சி மஞ்சள் கோடு இழுத்திருந்தது. அந்தக் கோட்டருகே எந்த வண்டியும் நிற்கக்கூடாது என்பது விதி. கோடு தம் வாசலுக்கு வருமுன்பே முடிந்துவிட்டதுதான் சேவுகப்பெருமாளின் மனக்குறை.

மதுரையில் முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து, அவருடைய மனைவி அழகி மறுநாள் வீடு திரும்புகிறாள். அவளால் நடக்க இயலாது. கார் வாசற்படியை ஒட்டி நின்றாக வேண்டும். எதிர்வீட்டு அசன் முகம்மதுவோ சரக்கேற்றும் தன் குட்டியானையை எப்போதும் இவர் வாசலில்தான் நிறுத்துவான். சொல்லிச் சலித்த சேவுகப்பெருமாள், அதே மஞ்சள் பெயிண்ட்டை வாங்கிவந்து, கோட்டைத் தம் வாசல்வரை தாமே நீட்டினார். இரண்டு தெருக்களைத் தொடும் நீள வீடு அது. ஆகவே பின்வாசலிலும் ஒரு கோடு இழுத்தார்.

"என்னண்ணே, நகராட்சியில உங்களைப் பெயிண்டராச் சேத்துக்கிட்டாகளா?" என்று சிரித்தான் அசன் முகம்மது.

"கோடு இருக்குல்ல? வண்டியை அங்குட்டு நிறுத்து."

"உங்க காரும் வண்டிதானண்ணே? அது எங்குட்டு நிக்கும்?"

"அது வீட்டு வண்டி. அதுக்கு என்னப்பா விதி?"

மறுநாள் பொழுது விடிந்ததும் வாசல் துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. பால்காரர் வேகத்தைக் குறைக்காமலே போனார். வழக்கமாகப் படியில் படுக்கும் நாய், கோட்டை முகர்ந்துவிட்டு வாலை இடுக்கிக்கொண்டு திரும்பியது. பிற்பகல் வெயிலில் மின்கம்பத்தின் நிழல் கோடுவரை நீண்டு, அங்கே ஒடிந்து, ஓரமாய் விலகிக் கிடந்தது.

கார் வந்தது. மகன் கார்த்திக் ஓட்டினான், சன்னலோரம் அழகி. படியில் நின்று இரு கைகளையும் ஆட்டினார் சேவுகப்பெருமாள். கார் நிற்கவில்லை. அழகியின் பார்வை, வெறும் சுவரைத் தடவுவதுபோல் அவரைத் தடவிக்கொண்டு போயிற்று.

கைபேசி அடித்தது. "அப்பா, தெருவை ரெண்டு சுத்து சுத்திட்டேன். நம்ம வீட்டைக் காணோமே!"

"பின்வாசலுக்கு வாடா!"

பின்வாசலுக்கு ஓடினார். அங்கும் கார் கடந்து சென்றது.

முன்வாசலுக்குத் திரும்பி, மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக் கோட்டைத் தேய்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது; கோடுதான் இன்னும் பளிச்சிட்டது. எதிரே நின்ற அசன் முகம்மதுவைக் கூவி அழைத்தார். அவன் நாலாபுறமும் பார்த்துவிட்டுத் தன் மனைவியிடம் சொன்னான்: "யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு, ஷரபு."

மறுபடியும் கைபேசி. இம்முறை அழகி. "எங்குட்டு இருக்கீக? காலு விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. தாங்க முடியல."

அவளால் உள்ளே வர முடியாதென்றால், தாம் வெளியே போயாக வேண்டும். வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கோட்டைத் தாண்டினார்.

"அண்ணே! எங்கிருந்து வாரீக?" என்று திடுக்கிட்டான் அசன் முகம்மது.

"உன் வண்டியைக் கொண்டாந்து என் வாசல்ல நிறுத்து தம்பி. நானே சொல்றேன், நிறுத்து!"

"எந்த வாசல்லண்ணே?"

சேவுகப்பெருமாள் திரும்பினார். இடப்பக்கத்து வீட்டுச் சுவரும் வலப்பக்கத்து வீட்டுச் சுவரும், விரல் நுழைய இடமின்றி, ஒட்டி நின்றன. கீழே மஞ்சள் கோடு மட்டும் ஈரம் காயாமல் மின்னியது.

அசன் முகம்மது குட்டியானையைப் பின்னால் தள்ளித் தன் வாசலில் இடம் விட்டான். அங்கே கார் நின்றது. ஷரபுன்னிசா கொண்டுவந்து போட்ட நாற்காலியில் அழகி காலை நீட்டி அமர்ந்தாள்.

"வீட்டுச் சாவி உங்ககிட்டத்தானே இருக்கு?" என்று கேட்டாள்.

சேவுகப்பெருமாள் இடுப்பைத் தடவினார். சாவி சில்லென்று கையில் பட்டது.

"இருக்கு" என்றார்.