லிஃப்ட் வாசலில் இருநூறு ரோல்

மணல் மூட்டைகளை ஏற்ற இரண்டு நாள் பிடித்தது. இறக்க ஒரு பகல். மொத்தம் இருநூற்று நாற்பது மூட்டை, ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ. லிஃப்ட் மாடி வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிடும். அதற்குப் பிறகு முதுகுதான். கடைசி மூட்டையை இறக்கிவிட்டுச் சென்னிமலை நிமிர்ந்து பார்த்தான். பாதிக்கு மேல் நிமிர முடியவில்லை. இருபத்திரண்டு வருட லோடு வேலை.

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனிக்குத் துணி ரோல் அடுக்க இடம் போதாமல், முதலாளி மகுடேஸ்வரன் கட்டடத்துக்குள்ளேயே இரும்பில் புதிதாக ஒரு மாடி போட்டிருந்தார். மேலே குடோன், கீழே துணியில் ஓட்டை பார்க்கிற செக்கிங். திங்கட்கிழமை, சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆட்கள் வருகிறார்கள். மாடி பலமானது என்ற சர்ட்டிபிகேட்டை அவர்களிடம் காட்டியாக வேண்டும். அதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து இன்ஜினியர் சித்ராதேவி வந்திருந்தார்.

அவர் சொன்னபடிதான் தூண்களுக்கு நடுவே மூட்டைகளைச் சமமாகப் பரப்பினார்கள். மாடிக்கு அடியில், இரும்பு உத்திரத்தைத் தொட்டபடி, கைக்கடிகாரம் போல முள் வைத்த ஒரு மீட்டரை நிறுத்தியிருந்தார். பாரம் ஏற ஏற உத்திரம் எவ்வளவு தொய்கிறது என்பதை முள் காட்டும். எல்லா மூட்டையும் ஏறியபோது ஒன்பது மில்லிமீட்டர். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டபோதும் ஒன்பதுதான். இறக்கியதும் பூஜ்ஜியத்துக்கே வந்து நின்றது.

"தொய்யறது தப்பில்லீங்க. பாரம் போனதும் பழையபடி திரும்பி வரோணும். வந்துட்டா பாஸ்," என்றார் சித்ராதேவி.

"நம்ம சென்னிமலையண்ணனை வெச்சுப் பாத்திருந்தா பெயிலுங்க மேடம்," என்றான் கூட மூட்டை தூக்கும் சுப்பண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். சென்னிமலையும் சிரித்தான்.

"கம்ப்யூட்டர்லயும் இதே ஒன்பதுதான் வந்துச்சு, பாருங்க." சித்ராதேவி லேப்டாப்பைத் திருப்பினார்.

அந்த மாடி முழுவதும் அதற்குள் இருந்தது, தூணும் உத்திரமும் படிக்கட்டும். இரும்பு சும்மா இருக்கிற இடம் நீலம். கஷ்டப்படுகிற இடம் பச்சை, மஞ்சள். ரொம்பக் கஷ்டப்பட்டால் சிவப்பு வருமாம். சென்னிமலை தனக்குத் தெரிந்த இடங்களை அதில் தேடினான். லிஃப்ட் அகப்பட்டது. லிஃப்டுக்கு முன்னால், கடைசித் தூண் வரிசையைத் தாண்டி, மாடி ஐந்தடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே மட்டும் அடர்ந்த நீலம்.

"ஏனுங்க மேடம், லிஃப்ட் வாசல் மட்டும் நீலமாவே கெடக்குது?"

"அது நடைபாதைங்க. ஆளுக நடக்கிற பாரம் மட்டும்தான் கணக்கு. பிளான்ல அப்படித்தான் போட்டுக் குடுத்திருக்காங்க."

ஆனால் சென்னிமலைக்குத் தெரியும். சாயம் போட்டு வருகிற துணி நேராகக் குடோனுக்குள் போகாது. ஒரே தடவையில் சாயம் போட்டு வந்த ஒவ்வொரு லாட்டிலும் ஒரு ரோலைப் பிரித்து, பையர் ஓகே செய்த துண்டோடு சேர்த்து வைத்து, நிறம் ஒத்துப்போகிறதா என்று மாஸ்டர் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்; ட்யூப்லைட்டில் நேவி ப்ளூ கறுப்பாகத் தெரியும். அந்த மாடியில் வெளிச்சம் வருகிற ஜன்னல் லிஃப்ட் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. மாஸ்டர் ஓகே சொல்லும் வரை லாட் முழுவதும் அங்கேயே ஆள் உயரத்துக்கு நிற்கும். ஓகே ஆகாவிட்டால் வந்த வழியே திரும்பிப் போகும். எந்தப் பிளானிலும் இது இல்லை. லோடு தூக்குகிறவர்களின் கைப்பழக்கம் இது.

அவன் முகம் போன போக்கைப் பார்த்துச் சுப்பண்ணன் காதோரம் வந்தான். "அண்ணா, கம்முனு இருங்க. மறுக்காவும் தூக்கச் சொல்லிருவாங்க."

சென்னிமலை தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினான். அதே ஜன்னலுக்குக் கீழே, அந்த நீட்டலுக்கு நேர் அடியில், பெண்கள் செக்கிங் டேபிளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு முனையைப் பிடித்திருந்தவள் அவன் மனைவி அமராவதி.

"அக்கட்டால போட்டா ஆகாதா? அங்க ஃபேன் இருக்குதல்லோ."

"ஃபேன் காத்துல ஊசி ஓட்டை தெரியுமாக்கும்? வெளிச்சம் இங்கதானுங்க விழுகுது. நீங்க போயி உங்க மூட்டையப் பாருங்க."

மேலே துணிக்கும் வெளிச்சம் வேண்டும், கீழே இவளுக்கும் வேண்டும். ஜன்னல் ஒரே வரிசை. சென்னிமலை அண்ணாந்து அந்த இரும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு படியேறினான்.

மேலே சித்ராதேவி பேனாவைத் திறந்து வைத்திருந்தார். மகுடேஸ்வரன் காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, ஒரு வார்த்தைங்க," என்று ஆரம்பித்து, லிஃப்ட் வாசலில் ரோல் நிற்கும் சங்கதியைச் சொன்னான்.

மகுடேஸ்வரன் முகம் சுருங்கியது. "அதுக்கென்ன சென்னிமலை, அங்க வெக்காதீங்க. போர்டு எழுதித் தொங்க விட்டர்றேன். முடிஞ்சுது."

"போர்டு போட்டாலும் வெப்பமுங்க."

"என்னது?"

"லாரிக்காரன் கீழ ஆரன் அடிச்சுட்டே இருப்பானுங்க. மாஸ்டர் வர ரெண்டு மணி நேரமாவும். ஓகே ஆவுமோ ஆவாதோன்னு தெரியாத துணியை உள்ள வரைக்கும் எவன் செமப்பான்? மத்தவங்களை விடுங்க. நானே வெப்பனுங்க. பத்தடி மிச்சம்னா முதுகு அதைத்தான் கேக்கும்."

செய்யப்போகிற தப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிற ஆளை நாளைக்கு வேலைக்குக் கூப்பிடுவார்களா என்று சென்னிமலைக்கே சந்தேகமாக இருந்தது. ஆனால் சொன்னதில் பொய்யில்லை.

சித்ராதேவி பேனாவை மூடினார். "எத்தனை ரோலுங்க நிக்கும்?"

"பெரிய லாட்டுன்னா இருநூறுங்க. ரோல் இருபத்தஞ்சு கிலோ."

அவர் அந்தக் கணக்கை லேப்டாப்பில் தட்டினார். கம்ப்யூட்டர் சற்று நேரம் யோசித்தது. பிறகு லிஃப்ட் வாசல் பச்சையானது, மஞ்சளானது. நீட்டல் தூணோடு சேர்கிற கழுத்தில் சிவப்பு வந்து நின்றது.

"கம்ப்யூட்டர் ஆயிரம் சொல்லுமுங்க," என்றார் மகுடேஸ்வரன்.

"அப்ப வெச்சே பாத்தர்லாங்க. கீழ ஒருத்தரும் நிக்கக் கூடாது."

செக்கிங் டேபிளை அப்புறப்படுத்தினார்கள். "இப்பத்தான போட்டோம்," என்று அமராவதி முனகினாள். நீட்டலுக்கு அடியில், மீறிப் போனால் தாங்கிப் பிடிக்க, தொடாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு நாலு முட்டுக் கொடுத்தார்கள். சித்ராதேவி ஓரத்தில் மீட்டரை வைத்துவிட்டு எட்ட நின்று பார்த்தார். சென்னிமலையும் சுப்பண்ணனும் பழைய குடோனிலிருந்து வந்த ரோல்களை இருபது இருபதாக அடுக்கினார்கள். அறுபது ரோலுக்கு மூன்று மில்லிமீட்டர். நூறுக்கு ஆறு. பத்தைத் தாண்டக் கூடாது என்று சித்ராதேவி சொல்லியிருந்தார். நூற்றிருபதாவது ரோலை வைத்ததும், அதுவரை பையப் பைய நகர்ந்த முள் ஒரே தாவலாகப் பதினொன்றுக்குப் போனது.

"நிறுத்துங்க! எறக்குங்க!"

இறக்கினார்கள். முள் திரும்பியது. நாலில் நின்றது. டீ வந்தது, குடித்தார்கள். இன்னும் நாலில்தான் இருந்தது.

"திரும்பலைங்களே," என்றான் சுப்பண்ணன். இந்தத் தடவை யாரையும் கேலி செய்யவில்லை.

மகுடேஸ்வரன் நீட்டலுக்கு அடியில் போகாமல் தள்ளி நின்று அமராவதியைக் கேட்டார். "உங்க டேபிளை எங்கீங்க போட்டிருந்தீங்க?"

அவள் கையை நீட்டினாள். அவர் அந்த இடத்தையும் மேலே இருந்த இரும்பையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஃபோனை எடுத்து பையரின் ஆளிடம் வியாழக்கிழமை வரச் சொன்னார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் "ஆமாங்க, தெரியுமுங்க, இருந்தாலும் வியாழக்கிழமைங்க," என்றார். அடுத்து மாடி போட்ட வெல்டிங்காரர் வேல்குமாரைக் கூப்பிட்டு இரண்டு தூண் சொன்னார். ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டுச் சென்னிமலையிடம் வந்தார்.

"தூண் வந்ததும் மறுபடி இருநூறும் வெச்சுப் பாக்கோணும். நீங்கதான் செமக்கோணும்."

"சரிங்க."

செவ்வாய்க்கிழமை தூண் நின்றது. புதன்கிழமை இருநூறு ரோலும் ஏறின. முள் இரண்டு காட்டியது. இறக்கியதும் பூஜ்ஜியத்துக்கு வந்தது. சித்ராதேவி கையெழுத்துப் போட்டார். பிளானில் 'நடைபாதை' என்று இருந்ததை அடித்துவிட்டு 'துணி காத்திருக்கும் இடம்' என்று எழுதினார்.

ஒரு தூண் ஜன்னலுக்கு நேர் எதிரே வந்துவிட்டது. அதன் நிழல் டேபிளின் குறுக்கே விழுந்தது.

"கம்முனு இருந்திருந்தா வெளிச்சமாச்சும் மிஞ்சியிருக்கும்," என்றாள் அமராவதி. "இந்தத் தூணை வெச்சுட்டு நான் எப்படிங்க ஓட்டை பாக்கறது?"

சென்னிமலை டேபிளின் ஒரு முனையைப் பிடித்தான், அவள் மறுமுனையைப் பிடித்தாள். நிழல் துணியை விட்டு இறங்கும் வரை நகர்த்தினார்கள். மேலே லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நேவி ப்ளூ லாட். முதல் ரோல் தொம்மென்று விழுந்தது, அதன்மேல் இன்னொன்று. சென்னிமலை அண்ணாந்தான்.

அமராவதி குனிந்தபடியே துணியில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தாள்.