வெயிலில் வைத்த பாட்டில்கள்

ஆரின் காய்ச்சிய பீர் தொட்டி தொட்டியாக நின்றது. வாங்கத்தான் ஆளில்லை. விஸ்கான்சினின் அந்தச் சின்ன ஊரில் இருப்பது ஒரே ஒரு மதுக்கூடம். அது அவன் மனைவி லோர்னாவின் அண்ணன் டுவேனுடையது. டுவேன் வாங்காவிட்டால் இந்தக் கோடையோடு ஆரின் தன் பீர்ப் பட்டறையை மூட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை, மதுக்கூடத்தில் வறுத்த மீன் தின்ன வந்த கூட்டத்தின் எதிரிலேயே டுவேன் கேட்டான்: "மாப்பிள, நீ காய்ச்சுறது பீரா, ஷாம்புவா? ஹாலந்துக்காரன் சரக்கை மோந்து பாரு. அந்த வாசனை இங்க எவனுக்கு வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வாசனை ஆரினுக்குத் தெரியும். ஹாலந்து பாட்டிலின் பச்சைக் கண்ணாடி வெயிலைத் தடுக்காது. கடை ஜன்னலில் நின்று நின்று கெட்டுப்போன பீரின் முடைநாற்றம் அது.

அடுத்த வாரம் காலி ஹாலந்து பாட்டில்களைப் பொறுக்கிக் கழுவித் தன் பீரை நிரப்பி மூடினான். பகல் முழுக்கக் கூரைமேல் வெயிலில் போட்டான். வெள்ளிக்கிழமை பெட்டியோடு போனான்.

"மச்சான், உங்க ஹாலந்து சரக்கு. சிகாகோ போனப்ப வாங்கினேன்."

டுவேன் மோந்தான், கண்ணை மூடிக்கொண்டான். "இது பீரு. எல்லாரும் ஒரு வாய் குடிங்கடா, அப்பத்தான் புத்தி வரும்."

கிளாஸ்கள் காலியாகும்வரை ஆரின் காத்திருந்தான்.

"அது என்னோடது மச்சான். வெயில்ல வெச்சுக் கெடுத்தேன்."

மூலையிலிருந்து கிழவன் வெர்ன் குரல் கொடுத்தான்: "டுவேன், இத்தனை வருஷமா கெட்டதையா மோந்துக்கிட்டு கிடந்த?"

சிரிப்பில் கூடமே அதிர்ந்தது. டுவேனின் காது சிவந்தது. ஒரு கிளாஸை எடுத்து நிதானமாகத் துடைத்தான்.

"சரி மாப்பிள. நீ காய்ச்சுறது அத்தனையும் நானே எடுத்துக்கறேன்."

ஆரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"ஆனா இதே மாதிரி வேணும். கெடுத்துட்டுத்தான் கொண்டு வரணும். பாட்டில்மேல உன் பேரு பெருசா இருக்கணும். நல்லதாக் கொண்டு வந்தா வாசல்லயே கொட்டிருவேன்."

இப்போது கூட்டம் ஆரினைப் பார்த்துச் சிரித்தது. வெர்ன்தான் அதிகம் சிரித்தான்.

திங்கட்கிழமை காலை, ஆரினும் லோர்னாவும் கொல்லையில் பச்சைப் பாட்டில்களை வரிசையாக அடுக்கினார்கள். ஒவ்வொன்றிலும் அவன் பெயர்.

லோர்னா ஒன்றைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். "நீ காய்ச்சினதுலயே இதுதான் ஒசத்தி. இதையுமா?"

அவன் வானத்தைப் பார்த்தான்.

"நிழல் வருது. அந்தப் பக்கம் தள்ளி வை."