மத்தில்டே பக்கம் திரும்பிய ஊசி

"இன்னும் உங்ககிட்ட எங்கேயோ இரும்பு இருக்கு அம்மணி."

"எங்கேன்னு சொல்லுங்க டாக்டரே. கொண்டை ஊசி பதினாலையும் எடுத்தாச்சு. கச்சையில இருந்த கம்பிய உருவியாச்சு. பூட்ஸ்ல ஆணி இருக்குன்னீங்க, வெறுங்கால்ல நிக்கிறேன். அடுத்தது என்ன, பல்லையா கழட்டணும்?"

"பல்லுல இரும்பு கிடை..."

"ரத்தத்துல இருக்காம், மருந்துக்கடைக்காரர் சொன்னார். அதையும் பிடிச்சு ஊத்திட்டு நிக்கவா?"

"ரத்தம் எல்லாருக்கும்தான் இருக்கு. கேன்கே அம்மா பக்கத்துலதானே நிக்கிறாங்க, அவங்க பக்கம் திரும்பலையே."

ஹார்ட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் நிலையத் தோட்டத்தில், செம்பு ஆணி மட்டுமே அடித்துக் கட்டிய மரக்குடிலுக்குள், 1905 ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை, காந்த ஊசி வடக்கைக் காட்டவில்லை. மத்தில்டே ஓல்கர்ஸைக் காட்டியது. அவள் இடப்பக்கம் நகர்ந்தால் ஊசியும் இடப்பக்கம் நகர்ந்தது. உட்கார்ந்தால் முனை லேசாகத் தாழ்ந்தது. கோழிச்சந்தைத் தெருவில் இஸ்திரிக் கடை வைத்திருந்தவள், வயது இருபத்தொன்பது. எதிரே நோட்டும் பென்சிலுமாக நின்றவர் டாக்டர் ஐலர்ட் ப்ரூன்ஹோர்ஸ்ட், முப்பத்தைந்து. நிலையக் காவலரின் மனைவி டோரா கேன்கே துணைக்கு நின்றாள். கல்யாணமாகாத ஒருத்தி கூந்தலை அவிழ்த்துக்கொண்டு விஞ்ஞானத்தோடு தனியாக இருப்பதை ஊர் ஒப்புக்கொள்ளாது.

பேராசிரியர் ஆக வேண்டுமென்றால் ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் அழைக்கும்வரை காத்திருக்க வேண்டும், அதுவரை சம்பளம் கிடையாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ப்ரூன்ஹோர்ஸ்ட் ஒன்பது வருடமாகக் காத்திருந்தார். அவர் பாடத்துக்கு ஆறு பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் கணப்புக்காக வந்தவர்கள். பாடம் பிடிக்காவிட்டால் மாணவர்கள் பூட்ஸைத் தரையில் தேய்ப்பார்கள். பாவம், குளிருகிறது போல என்று அவர் ஜன்னலைச் சாத்துவார். 1899 முதல் தினம் மூன்று வேளை ஊசியைப் பார்த்துக் குறித்துவந்தார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மட்டும் அது தன் இஷ்டத்துக்குத் திரும்பியது. தோட்டத்துக்கு அடியில் இரும்புத்தாது இருக்கிறது என்று முதலில் எழுதினார். பிறகு டிராம்தான் காரணம் என்று நகராட்சிக்கு மூன்று கடிதம் போட்டார். நம் ஊரில் டிராமே ஓடவில்லை என்று மூன்று முறையும் பணிவாகப் பதில் வந்தது. சனிக்கிழமை பத்து மணிக்குத்தான் மத்தில்டே கஞ்சி போட்ட காலர்களைக் கொண்டுவந்து கொடுக்கிறாள் என்பது புரிய அவருக்கு ஆறு வருடம் ஆயிற்று. டோரா கேன்கேவுக்கு இரண்டாவது வாரமே தெரியும். யாரும் அவளிடம் கேட்கவில்லை.

நிலையத் தலைவர் பேராசிரியர் ஷ்டாமர் விஷயத்தைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை, எரிச்சல்தான் பட்டார். இங்கிருந்து போகும் அட்டவணையை வைத்துக் கப்பல்கள் திசை பார்க்கின்றன. ஒன்று, சனிக்கிழமைக் கணக்கை அடித்துவிட வேண்டும். இல்லை, அந்தப் பெண் வேறு ஊருக்குப் போக வேண்டும் என்றார். கடற்கரையில் ஒரு காசநோய் விடுதியின் சலவைச்சாலையில் வேலைகூடப் பார்த்து வைத்திருந்தார். ப்ரூன்ஹோர்ஸ்ட் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். ஊசி காட்டியதை அடிக்க முடியாது, காட்டப்பட்டவரைத் துரத்தவும் முடியாது என்றார். அதற்கு மாற்றாக மத்தில்டேயிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, எந்த மணியில் எங்கே இருந்தாள் என்று எழுதித் தரச் சொன்னார். தூரமும் திசையும் தெரிந்தால் அவளைக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம்.

எதற்கடி சம்மதித்தாய் என்று கேன்கே கேட்டாள்.

"நான் எங்க இருக்கேன்னு மணிக்கு மணி தெரிஞ்சுக்கணும்னு ஒருத்தர் கேக்குறார். வேணாம்னா சொல்லுவாங்க?"

ஆறு வருடத்தில் இருபத்து மூன்று நோட்டுகள். எட்டிலிருந்து பதினொன்று, கடை. பதினொன்று, மீன் சந்தை, மீன் சுமார். நான்கு, அம்மா கல்லறை, மழை. கட்டிய புருஷனுக்குக்கூடத் தன் பெண்டாட்டியைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்காது. 1907 இலையுதிர்காலப் படைப்பயிற்சியின்போது, மூடுபனியில் காம்பஸை நம்பி வடக்கே நடந்த ஒரு கம்பெனி சிப்பாய்கள் நேராக அவள் கடை வாசலில் வந்து நின்றார்கள். இதுதானே வடக்கு என்றார் கேப்டன். இல்லை, இஸ்திரிக் கடை, சட்டை இருந்தால் வைத்துவிட்டுப் போங்கள் என்றாள். அதற்கப்புறம் நகராட்சி தன் வரைபடத்தின் ஓரத்தில், காம்பஸ் வைத்திருப்போர் ஓல்கர்ஸ் அம்மணியைக் கழித்துக்கொள்ளவும் என்று ஒரு வரி சேர்த்தது.

1909 மே மாத நோட்டில் இப்படி இருந்தது: ஞாயிறு, மூன்றிலிருந்து நான்கு, வாத்துக் குளம், ரொட்டிக்கடை ஹின்ரிக்ஸோடு. கட்டிக்கிறாயா என்று கேட்டார். பொறுங்கள் என்றேன். ப்ரூன்ஹோர்ஸ்ட் அதை இரண்டு முறை படித்தார். பிறகு தன் அட்டவணையில், மூன்றிலிருந்து நான்கு, வாத்துக் குளம், ஊசி அரை டிகிரி கிழக்கே என்று எழுதினார். ஹின்ரிக்ஸ் நல்ல மனிதர், மனைவியை இழந்தவர். பொறுத்தார். ஞாயிறுதோறும் கசகசா தூவிய ரொட்டி கொண்டுவந்தார். அவையும் நோட்டில் ஏறின.

1911இல் ப்ரூன்ஹோர்ஸ்டின் நூல் அச்சாகி, கிழக்கே கடலோரத்து ஓஸ்ட்மூண்டே பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அதற்குமுன் அங்கிருந்து மூன்று பேராசிரியர்கள் வந்து மத்தில்டேயைக் குடிலைச் சுற்றி நடக்கவைத்துப் பார்த்தார்கள். ஊசியும் கூடவே சுற்றியது. மேசையை விரல்முட்டியால் தட்டிப் பாராட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். இனி அவருக்குச் சம்பளம் உண்டு, வீடு உண்டு, கல்யாணம் செய்துகொள்ளத் தடை இல்லை. ஊரே அவர் வாயைப் பார்த்தது. மத்தில்டே அந்த வாரம் கடையைப் பாதி நேரம் பூட்டி வைத்தாள். புறப்படுவதற்கு முதல்நாள் அவர் புதுத் தொப்பியும் ரயில் டிக்கெட்டுமாக அவளிடம் வந்தார். தொடர் கணக்கு அறுந்துபோகக் கூடாது, தூரம் கூடும்போது ஊசியின் சாய்வு எப்படிக் குறைகிறது என்று பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது, ஆகவே தயவுசெய்து நீங்கள் இந்த ஊரிலேயே இருங்கள், நோட்டைத் தபாலில் அனுப்புங்கள் என்றார்.

"பொண்ணுகிட்ட எங்கூட வான்னு கேட்ட ஆம்பளையப் பாத்திருக்கேன், போன்னு விரட்டினவனையும் பாத்திருக்கேன்," என்றாள் டோரா கேன்கே. "நகராம இருன்னு கேக்க ரயில் டிக்கெட்டோட வந்தவர் நீங்க ஒருத்தர்தான் டாக்டரே."

மத்தில்டே ஊரை விட்டு நகரவில்லை. வாராவாரம் நோட்டு போயிற்று. ஓஸ்ட்மூண்டேயில் புதுக் குடில் கட்டி ஊசியைத் தொங்கவிட்டபோது சாய்வு மயிரிழை அளவுக்குக் குறைந்திருந்தது. ஆனால் தீரவில்லை. பேராசிரியர் ப்ரூன்ஹோர்ஸ்ட் அதைக் கண்டு கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தார். கணக்குப்படி அவ்வளவு தூரத்தில் அது தீர்ந்திருக்க வேண்டும்.

1912 அக்டோபரில் ஒரு வாரம் நோட்டு வரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஊசி அசைந்தது. ஒன்பதுக்கு இரண்டு டிகிரி மேற்கே. பத்துக்கு இருபது. ரயில் பாதை எங்கெல்லாம் வளைகிறதோ அங்கெல்லாம் ஊசியும் வளைந்தது. ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கலாம். அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குறித்துக்கொண்டிருந்தார். பதினொன்று பத்துக்கு ஊசி வடக்கை முழுவதுமாக விட்டுவிட்டுக் குடிலின் கதவைக் காட்டி நின்றது. கதவு திறந்தது. பயண உடுப்பில் மத்தில்டே நின்றாள்.

"நோட்டு வரலையே அம்மணி," என்றார் அவர்.

"இனிமே வராது டாக்டரே. ஹின்ரிக்ஸ் இன்னும் கிழக்கே ரீகா ஊருல கடை எடுத்திருக்கார். அங்க போய்த்தான் கல்யாணம்னு பேச்சு. இங்க ரயில் மாறணும்னதும், போய் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வா, பெட்டிய நான் பாத்துக்கிறேன்னு அவரேதான் அனுப்பினார். பன்னெண்டே காலுக்கு வண்டி. நான் போகட்டுமா?"