தடியனின் கயிறு

...நின்றாயிற்று, மறுபடியும் நின்றாயிற்று, இந்தத் தெருவிலிருக்கிற விளக்குக் கம்பங்களுக்கெல்லாம் இன்றைக்குள் அவள் முகம் மனப்பாடமாகிவிடும். இழுத்தால் நில், கயிறு தளர்ந்தால் நட, கேட்கும்போது எவ்வளவு சுலபமாக இருந்தது, நாய் ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள், "கத்தவும் வேணாம், அடிக்கவும் வேணாம்க்கா, அது இழுத்தா நீங்க அப்படியே நின்னுடுங்க, இழுத்தா ஒரு எடத்துக்கும் போக முடியாதுன்னு அதுக்கே புரியும்," புரியுமாம், யாருக்கு, இந்தத் தடியனுக்கா? கன்றுக்குட்டி உயரம், அரிசி மூட்டை கனம், மூளை மட்டும் கடுகளவு என்று வீட்டுக்காரர் செல்லமாக வைவாரே, இவனுக்கா? அவள் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற கை, சாலையைக் கடக்கும்போது இவள் பிடித்த மணிக்கட்டு நழுவியதாகச் சரித்திரமே கிடையாது, ஆயா புடிச்சா வலிக்குது என்று பொடிசுகள் சிணுங்கும், வலித்தால் வலிக்கட்டும், பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தால் சரி... ஆனால் போன வாரம் தடியன் வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்ததில் அவளே குப்புற விழுந்தாள். முழங்கால் தோல் உரிந்த கதையை நேற்றுதான் கேட்டு மகன் போனில் தாம்தூம் என்று குதித்தான், "நாளைக்கு சாயங்காலம் வர்றேன், அப்பவும் அது இழுத்துச்சுன்னா எங்க கம்பெனி குடோன் காவலுக்கு ஓட்டிட்டுப் போயிடுவேன், அப்புறம் அழக்கூடாது." அந்த நாளை இன்றைக்கு வந்துவிட்டது.

குடோனில் கட்டிப்போட்டால் தடியன் இளைப்பான், அது ஒரு வருத்தம், அதைவிடப் பெரிய பயம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்காரரின் நெஞ்சைத் திறந்து தைத்து அனுப்பிய டாக்டர், தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார், நாய் கூடவே வரலாம், ஆனால் வெடுக்கென்று இழுக்கிற நாயைப் பிடிக்கவே கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். இவரோ தடியன் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டேன் என்று நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார், பிடிவாதத்தில் இரண்டும் ஒரே வார்ப்பு. அதற்காக அவரைக் குறை சொல்ல முடியுமா... அன்றைக்கு வாசல் கேட்டைத் திறந்து அவள் ஒரு கால் வெளியே வைத்ததும் தடியன் திரும்பி வீட்டுக்குள் இழுத்தான், சனியனே, வெளியே போகணும்னு நீதானே உயிரை வாங்கினே என்று அவள் வைதாள், காதிலேயே வாங்காமல் தரதரவென்று சமையலறை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான், அங்கே அடுப்படியில் அவர் சரிந்து கிடந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை. தெருமுனை வரை போய்விட்டு சாவகாசமாகத் திரும்பியிருந்தால் அவளுக்கு இன்று வீடு ஏது, அந்த நாற்காலியில் ஆள் ஏது? அப்படி இழுத்தவனிடம் போய் இழுக்காதே என்று எந்த வாயால் சொல்வது, நன்றி கெட்டவளே என்று அவன் நினைக்க மாட்டானா? நீ நல்லா இருக்கணும்டா தடியா, உன் காலில் விழுந்து கும்பிட்டால்கூடத் தகும், இப்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போயேன்... மதில் மேல் ஒரு பூனை தெரிந்தது, போச்சு, கயிறு விண்ணென்று நின்றது, அவள் உடம்பையே பின்னால் சாய்த்து நின்றாள், விரல்கள் வெளுத்துவிட்டன, பூனை போன பிறகும் கயிறு தளரவில்லை.

அந்த நேரம் பார்த்துச் செருப்பு வார் அறுந்தது. வேறு வழியில்லை, சுற்றுகளைப் பிரித்து, கயிற்றின் வளையத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு, வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, குனிந்து வாரைக் குத்திக்கொண்டிருந்தாள், இப்போது இழுத்தான் என்றால் மூக்கு உடையும் என்று தெரிந்தேதான் குனிந்தாள். இழுப்பு வரவில்லை. நிமிர்ந்தால் தடியன் பக்கத்தில் நிற்கிறான், கயிறு இருவருக்கும் நடுவே தொய்ந்து தரையைத் தொடுகிறது, என்ன ஆச்சு உனக்கு என்பதுபோல் அவள் முகத்தைப் பார்க்கிறான். இரண்டு அடி வைத்தாள், அவனும் வைத்தான். பயத்தில் கை தானாகக் கயிற்றைச் சுருட்டியது, உடனே அவன் முன்னால் பாய்ந்தான்! விட்டாள், அவனும் விட்டான். அட கடவுளே, இத்தனை நாளும் இழுத்தது யார்? கயிறு எப்போது தளர்ந்திருந்தது, தளர்ந்தால் நடக்கலாம் என்று அவன் கற்றுக்கொள்ள? அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. திரும்பும் வழியில் ஒரு சைக்கிள்காரன் மணி அடித்துக்கொண்டே உரசிப் போனான், தடியன் தலையை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே நடந்தான், ராஜா மாதிரி நடந்தான், என் தங்கமே என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

வாசலில் அவர் நின்றார். நாற்காலியில் இல்லை, படியிறங்கி, செருப்புப் போட்டுக்கொண்டு, கேட்டைப் பிடித்தபடி, யாரைக் கேட்டு இறங்கினீங்க என்பது அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அவள் அவரிடம் பேசியதெல்லாம் குனியாதீங்க, தூக்காதீங்க, கதவைத் தாழ் போடாதீங்க, வேறென்ன பேசியிருக்கிறாள்?

"பாத்துட்டேதான் இருந்தேன். கழுத மாதிரி இழுத்தவன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வர்றான். குடு."

"கூட நானும் வர்றேங்க, நீங்க சும்மா..."

"பக்கத்து வீட்டு கேட் வரைக்கும்தான். நீ இங்கயே நில்லு, போதும்."

கொடுத்தாள். கொடுத்தேன் என்றுதான் நினைத்தாள், அவர் அவள் விரல்களைப் பார்த்துச் சிரித்து, ஒவ்வொன்றாகப் பிரித்து வளையத்தை எடுத்துக்கொண்டார். கயிறு தொங்க, மனிதரும் நாயும் ஒரே நிதானத்தில் போனார்கள், அவர் முதுகு இத்தனை நிமிர்ந்து அவள் பார்த்து எவ்வளவு காலமாயிற்று, உயிரோடு நடக்கிறார், தெருவில் நடக்கிறார், இதற்கு மேல் யாரிடம் என்ன கேட்பது? சாயங்காலம் வருகிறவனுக்குக் காபி போட்டுக்கொடுத்து இதை வேடிக்கை காட்டினால் போதும். பக்கத்து வீட்டு கேட் வந்தது. அவர் நிற்கவில்லை. இரண்டு பேரும் அடுத்த வீட்டையும் தாண்டினார்கள், போதும் திரும்புங்க என்று கத்த வாயெடுத்தாள், உள்ளங்கையில் ஏதோ சுருக்கென்றது, பார்த்தால் அவளுடைய நகம்தான், கை ஒன்றுமில்லாததை இறுக்கிப் பிடித்திருந்தது. விரித்தாள். அவர் தெருமுனையை நெருங்கிக்கொண்டிருந்தார், அவள் கை தானாக மறுபடியும் மூடிக்கொண்டது.