ராஜாவின் கழுத்தில் ஒரு துளி

பயந்தாங்கொள்ளி என்று என்னை வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். அன்றைக்கு அந்தக் கூடத்தில் அவர் நின்றிருந்தால் அவருக்கும்தான் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும்.

பிள்ளைகளெல்லாம் வேலைக்குப் போனபிறகு எண்ணெய் வண்ண ஓவியம் கற்றுக்கொள்ளக் கிளம்பியவள் நான். பழைய ஓவியம் ஒன்றைப் பார்த்து அப்படியே வரைந்தால்தான் கை பழகும் என்றார்கள் வகுப்பில். என் நாத்தனார் அருங்காட்சியகத்தில் காவல் வேலை பார்க்கிறாள். அங்கே வேலை பார்ப்பவர்களின் சொந்தக்காரர்களுக்கு உட்கார்ந்து வரைய அனுமதி கிடையாது என்பதால், யாரோ தெரிந்த அம்மா என்று சொல்லி எனக்கு அனுமதி அட்டை வாங்கித் தந்தாள்.

எந்தக் காலத்திலோ செத்துப்போன ராஜா ஒருவரின் படம். சிவப்பு அங்கி, வெள்ளைப் பின்னல் வைத்த கழுத்துப்பட்டி, எதிலும் குறை கண்டுபிடிக்கிற என் மாமியாரின் அதே பார்வை. முகத்தைக் கடைசியாகப் போடலாம் என்று தள்ளிப்போட்டு வந்தேன்.

படத்துக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டக் கூடாது என்பது விதி. அங்கிருந்து எனக்கு அந்தப் பின்னல் ஒரு மண்ணும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டி நான் படும் பாட்டைச் சகிக்காமல், கூட்டமில்லாத ஒரு மதியம் நாத்தனார் கயிற்றுக் கம்பத்தை உள்ளே நகர்த்திவிட்டாள்.

"சீக்கிரம் பாத்துக்கோங்க அண்ணி. மேலாளர் கண்ணுல பட்டா என் வேலை போயிடும்."

புருஷன் விட்டுவிட்டுப் போனவள். இரண்டு பிள்ளைகளும் அந்த வேலையை நம்பித்தான் இருக்கிறார்கள்.

பின்னல் தெரிந்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சிவப்புத் தூரிகையை டர்பன்டைன் எண்ணெயில் அலசினேன். அலசினால் துணியில் துடைக்க வேண்டும். நானோ, காலமெல்லாம் பாத்திரம் கழுவிய கையால், ஓர் உதறு உதறினேன்.

ராஜாவின் கழுத்தில் ஒரு சிவப்புத் துளி. சவரம் பண்ணும்போது வெட்டிக்கொண்டவர் மாதிரி நின்றார். துளி மெல்லக் கீழே இறங்கியது.

அய்யய்யோ!

"துடைச்சிடலாம் அண்ணி, யாரும் வரல," என்றாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

துணியோடு என் கை ராஜாவின் கழுத்துவரை போய்விட்டது. பழைய வண்ணமும் சேர்ந்து கையோடு வந்துவிட்டால்? என் கையைப் பார்த்தே எனக்குப் பயமாக இருந்தது.

"படத்தைப் பழுது பாக்கறவங்களைக் கூப்பிடு."

"அண்ணி..."

"கூப்பிடுடி!"

ஓடினாள். கயிற்றைப் பழைய இடத்தில் வைக்க வேண்டுமென்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பயத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது?

பழுது பார்க்கிற பெண் வந்தாள், பின்னாலேயே மேலாளரும். அவள் ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி வாயில் வைத்து நனைத்தாள்.

"எச்சிலாம்மா?" என்று கேட்டே விட்டேன்.

"இதை விடப் பதமானது கிடையாது. மேல வார்னிஷ் இருக்கு, உள்ள இறங்கியிருக்காது."

பஞ்சை உருட்டினாள். துளி பஞ்சோடு வந்துவிட்டது. போன உயிர் எனக்குத் திரும்பியது.

அப்போதுதான் மேலாளர் கம்பத்தைப் பார்த்தார். "கயிறை யாரு நகர்த்துனது?"

நாத்தனார் வாயைத் திறந்தாள். பாவி, பொய் சொல்லத் தெரியாதவள். போலீஸ், வழக்கு, அவமானம் எல்லாம் என் கண்முன் வந்து நின்றன.

"நான்தான். அவங்க அந்தப் பக்கம் திரும்பினப்போ," என்றேன். யாரோ பேசுவது போலிருந்தது.

மேலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அட்டையைக் குடுங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க." நாத்தனாரிடம் திரும்பி, "பையைச் சோதிச்சு அனுப்புங்க," என்றார்.

முகமில்லாத ராஜாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மேலாளர் பின்னாலேயே நின்றார். நாத்தனார் என் பையை மேஜைமேல் வைத்துத் திறந்து, கையை உள்ளே விட்டாள். நானும் பையைப் பிடித்துக்கொள்வது போல் என் கையை உள்ளே விட்டேன்.

"எல்லாம் சரியா இருக்கு. நீங்க போகலாம்மா," என்றாள், முன்பின் தெரியாதவளிடம் சொல்வது போல.

பைக்குள்ளே என் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தாள். விடவேயில்லை.