பதினைந்து நாளில் பழகிவிடும்

புதன்கிழமை மூன்றாவது பீரியடில் தலைமையாசிரியையின் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால், சுழல் நாற்காலியில், தலைமையாசிரியை. அவருக்கு வலப்பக்கம், ஜன்னலை ஒட்டி, பிள்ளைகளைப் பட்டறைகளுக்கு அனுப்பிவைக்கும் பயிற்சி அலுவலர், மடியில் ஒரு நீலக் கோப்புடன். இடப்பக்கம், சுவரோடு சுவராக, கணக்கு சார். மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அம்மா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். கைப்பையை யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இன்னொன்றின் நுனியில் அவள். பன்னிரண்டாம் வகுப்பு, மூன்றாவது பெஞ்சு. திங்கள் முதல் புதன் வரை பள்ளிக்கூடம், வியாழனும் வெள்ளியும் மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் பயிற்சி. வகுப்பில் அவளுக்கு 'லென்ஸு' என்று பெயர். "லென்ஸு, என் மார்க்கைக் கொஞ்சம் பெருசாக் காட்டேன்" என்று பரீட்சைத் தாள் கொடுக்கிற அன்றெல்லாம் யாராவது கேட்பார்கள்.

அன்றைக்குக் கூட்டியது அவளைப் பாராட்டுவதற்கு.

"ஒரு ஸ்க்ரூ, மேடம். ஒரே ஒரு ஸ்க்ரூ," என்றார் கணக்கு சார், விரலைத் தூக்கிக் காட்டி. "ஒரு மாசமா தரை சாஞ்சு கிடந்துது எனக்கு. நடந்தா கப்பல்ல நடக்கிற மாதிரி. இந்தப் பொண்ணு என் மூஞ்சியைப் பாத்தா, 'சார், ஃப்ரேம் லூசா இருக்கு, குடுங்க, டைட் பண்ணித் தரேன்'னா. அஞ்சு நாள்ல கொண்டாந்து குடுத்தா. போட்டுப் பாக்கிறேன், தரை தரையா இருக்கு!"

தலைமையாசிரியை சிரித்தார். பயிற்சி அலுவலர் நீலக் கோப்பில் ஏதோ குறித்துக்கொண்டார். அம்மா மகளைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பதினேழு வருஷத்தில் அம்மா அப்படிப் பார்த்து அவள் கண்டதில்லை. கன்னம் காந்தியது. வெட்கப்படுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது சரிதான், காரணம்தான் வேறு.

"சார், அது வந்து..." என்று தொடங்கினாள்.

"தேங்க்ஸ் சொல்லுடி," என்று அம்மா முழங்கையால் இடித்தாள்.

"தேங்க்ஸ், சார்."

நடந்தது இதுதான். அரையாண்டுக் கணக்குப் பரீட்சை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது, மத்தியானம் இரண்டு மணிக்கு. பட்டறை நாளானாலும் பரீட்சை என்றால் பள்ளிக்கு வந்தாக வேண்டும். அன்று காலை பட்டறையில் அவள் மேசைக்கு வந்த வேலை அட்டையில் கணக்கு சாரின் பெயர் இருந்தது. புதுக் கண்ணாடி. அவருடைய லென்ஸ் சாதாரண லென்ஸ் இல்லை. எந்தக் கோணத்தில் திருப்பி ஃப்ரேமில் பதிக்கிறோம் என்பதில்தான் பார்வையே இருக்கிறது. வலக்கண்ணுக்கு இருபது டிகிரி, இடக்கண்ணுக்கு நூற்று அறுபது என்று அட்டை சொன்னது. கருவிக்குள் பார்த்து லென்ஸின் மேல் மூன்று புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் மெஷின் வெட்டும். கை புள்ளி வைத்தது. வாய் மத்தியானப் பரீட்சைக்கான சூத்திரங்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வலதுக்கு இடதின் கோணம், இடதுக்கு வலதின் கோணம்.

அப்படி மாறினால் கண்டுபிடிக்கத்தான் பட்டறையில் செக்கிங் அக்கா இருக்கிறாள். முடிந்த ஒவ்வொரு கண்ணாடியையும் கருவியில் வைத்துப் பார்த்து, அட்டையில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது வாசல் தாண்டும். அன்று அக்காவின் தட்டில் முப்பது கண்ணாடிகள் காத்திருந்தன. மணி ஒன்றே கால்.

"அக்கா, இதை மட்டும் முன்னாடி போட்டுக் குடுங்கக்கா. சாரோட கண்ணாடி, கையோட கொண்டு போயிடறேன். பஸ் போயிடும்."

"உன் சார் கண்ணாடின்னா நீயே தப்பா பண்ணுவியா," என்று அக்கா கருவியில் வைக்காமலே கையெழுத்துப் போட்டாள். "ஓடு. நல்லா எழுது."

பரீட்சை அறையில், வினாத்தாள் கொடுப்பதற்கு முன், சார் அதைப் போட்டுப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். "தரை கொஞ்சம் சரிவா தெரியுதே, ஏம்மா?" என்றார்.

புதுக் கண்ணாடி வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கேட்கிற கேள்வி. பட்டறையில் சேர்ந்த முதல் வாரமே அதற்குப் பதில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அவள் மனப்பாடமாகச் சொன்னாள்: "பழகிடும் சார். பதினஞ்சு நாள் ஆகும். கழட்டாமப் போட்டுக்கிட்டே இருங்க."

அவர் கழற்றவே இல்லை. முப்பது வருஷம் பிள்ளைகளைச் சொன்னபடி செய்ய வைத்தவர், தனக்குச் சொன்னதையும் அப்படியே செய்தார். ஸ்கேல் இல்லாமல் கரும்பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கோடு இழுப்பது அவருடைய பெருமை. மூன்றாவது நாள் கோடு சரிந்தது. ஐந்தாவது நாள் முக்கோணம் முக்கோணமாக இல்லை. கடைசி பெஞ்சில் ஒருவன் தலையைச் சாய்த்து அவரைப் போலவே நடந்து காட்டி நல்ல பேர் வாங்கினான். பத்தாவது நாள், ஒரு திங்கட்கிழமை, மேடையிலிருந்து இறங்கும்போது படி இல்லாத இடத்தில் காலை வைத்தார். சாக்பீஸ் டப்பாவோடு விழுந்தார். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். சத்தமாக இல்லை, ஆனால் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் பயிற்சி நோட்டைப் புரட்டினாள். செய்த ஒவ்வொரு வேலையையும் தேதி போட்டு எழுதி வைப்பது அவள் வழக்கம். பயிற்சி அலுவலரே அதை மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தில், அட்டையில் இருந்ததும் தான் வைத்ததும், அவளுடைய சொந்தக் கையெழுத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. குண்டு குண்டான அழகான எழுத்து. நோட்டை மூடினாள். திறந்தாள். எண்கள் மாறவில்லை.

சொல்லியிருக்கலாம். மறுநாள் செவ்வாய்க்கிழமை, முதல் பீரியடே கணக்கு. சொல்லவில்லை. அடுத்த மாதம் பயிற்சியின் இறுதி மதிப்பீடு. அட்டையில் அக்காவின் கையெழுத்து. ஒருவேளை சாருக்கு நிஜமாகவே பழகிவிட்டால்? சொல்லாமல் இருப்பதற்குத் தினம் ஒரு காரணம் காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருந்தது. இப்படியே பதினாறு நாள்.

நோட்டைப் பார்த்ததிலிருந்து பதினாறாம் நாள், புதன்கிழமை, சார் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இந்த வருஷத்தோட நான் கிளம்பறேன், பசங்களா. ஹெச்.எம். மேடம்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல தரை சாஞ்சுது. அப்புறம் ஆளு அடையாளம் தெரியல. கடைசியில என்னையே யாருன்னு கேட்டார்." பிறகு, ஏதோ தவறாகப் பேசிவிட்டவர் போல, "சரி, பக்கம் நூத்திப் பத்து," என்றார்.

மணி அடித்ததும் அவள் ஓடினாள். "சார், ஃப்ரேம் லூசா இருக்கு, டைட் பண்ணித் தரேன்." ஸ்க்ரூ என்ற பொய் அந்த நிமிஷத்தில் வாயில் வந்ததுதான். மறுநாள் அக்காவிடம் அழுதாள். அக்கா முதலில் அட்டையில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். புது லென்ஸ் இரண்டு எடுத்துக் கொடுத்தாள். வெட்டி முடித்ததும் இந்தத் தடவை மூன்று முறை கருவியில் வைத்துப் பார்த்தாள். "இதோட முடிஞ்சுது. நீயும் மறந்துடு, நானும் மறந்துட்டேன்," என்றாள். திங்கட்கிழமை கண்ணாடி சாரின் மூக்கில் ஏறியது. கோடு நேரானது. எல்லாம் முடிந்தது என்றுதான் அவளும் நினைத்தாள்.

இப்போது தலைமையாசிரியையின் அறையில் அந்தப் பேச்சு வந்தது.

"அப்ப அந்த ராஜினாமா லெட்டரைக் கிழிச்சுப் போட்டுடலாமா, சார்?" என்றார் தலைமையாசிரியை.

"வேணாம் மேடம். இருக்கட்டும்." சாரின் குரல் இறங்கியது. "ஸ்க்ரூ டைட் பண்ணினதுல ஏதோ சமாளிக்க முடியுது, அவ்வளவுதான். எங்கப்பாவுக்கு வந்தது ஒரு தடவை எட்டிப் பாத்துட்டுப் போயிருக்கு. அடுத்த தடவை சொல்லிட்டு வராது."

பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். உள்ளே பட்டறை முதலாளிக்கு அவர் கைப்பட எழுதிய பாராட்டுக் கடிதம். இறுதி மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளட்டும் என்று. "நீயே தபால்ல போட்டுடும்மா. ஒட்டல. படிச்சுப் பாத்துட்டு ஒட்டு." எழுந்து வாசலுக்குப் போனார். அங்கே ஒரே ஒரு படி. கையைச் சுவரில் ஊன்றி, செருப்பு நுனியால் படியைத் தடவிப் பார்த்து, இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு இறங்கினார். கண்ணாடி சரியாகத்தான் இருந்தது. கண்ணும் சரியாகத்தான் இருந்தது. அவள் வைத்துவிட்ட பயம் மட்டும் கழலவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மா பேசிக்கொண்டே வந்தாள். "சலவைக்கூடத்துல சொல்லுவேன் பாரு. 'எம்பொண்ணு கண்ணு குடுக்கிறவ'ன்னு சொல்லுவேன். நாளு முழுக்க யாரோ படுத்த துணியைத் துவைக்கிறவளுக்கு இப்படி ஒரு பொண்ணு." அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் பட்டறையில் சாப்பாட்டு வேளையில், பொட்டலம் கட்டும் மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். சாரின் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராது என்பது நேற்றே தெரிந்துவிட்டது. பள்ளியில் சொல்லிக் கொடுத்தபடி அனுப்புநர் எழுதினாள், பெறுநர் எழுதி சாரின் வீட்டு முகவரி போட்டாள். 'பொருள்' என்ற இடத்தில் பேனா நின்றது. கடைசியில் 'தங்கள் கண்ணில் எந்தக் குறையும் இல்லை என்பது குறித்து' என்று எழுதினாள். அதற்குப் பிறகு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை, புள்ளிகள், கோணங்கள், ஒன்றே கால் மணி பஸ், பதினைந்து நாளில் பழகிவிடும் என்று சொன்னது, நோட்டைப் பார்த்தது, பதினாறு நாள், ஸ்க்ரூ. 'ஸ்க்ரூ எதுவும் லூசாக இல்லை, ஐயா.' எல்லாம் எழுதிய பிறகு, கீழே கொஞ்சம் இடம் இருந்தது. 'நீங்கள் விழுந்தபோது நானும் சிரித்தேன்' என்று அதில் எழுதினாள். இதை எழுதாமலும் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது.

பின்னால் அக்கா நிற்பது அப்போதுதான் தெரிந்தது.

"என்னடி இது?"

அவள் தாளை மறைக்கவில்லை. அக்கா நின்றபடியே படித்தாள். படிக்கப் படிக்க மூக்கு விடைத்தது. "மறந்துடுன்னு சொன்னேனா இல்லையா? இந்த நாற்காலியில என்னை உக்கார வைக்க இவங்களுக்குப் பதினோரு வருஷம் ஆச்சு, தெரியுமா? நீ நல்லவளாகணும்னா நீ மட்டும் ஆகு. என்னை எதுக்கு இழுக்கற?"

"உங்களை இழுக்கலக்கா. பாருங்க, கடைசில எழுதியிருக்கேன்."

கடைசியில் எழுதியிருந்தது: 'சரிபார்க்கும் அக்காவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.'

அக்கா அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். பிறகு காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தாள். "ஒரு பொய்ய ஒத்துக்கிறதுக்கு இன்னொரு பொய்யா? உன் சார் படிச்சவரு. அட்டையில கையெழுத்து யாரோடதுன்னு கேக்கத் தெரியாதா?" தாளை மேசையில் போட்டாள். "ஒட்டறதுன்னா ஒட்டு. எங்கிட்ட பேசாத."

பேசவில்லை. சாயங்காலம் வரை கண்ணாடித் தட்டுகள் இந்த மேசைக்கும் அந்த மேசைக்கும் சத்தமில்லாமல் போய் வந்தன. ஒவ்வொன்றையும் அக்கா இரண்டு தடவை கருவியில் வைத்தாள்.

ஐந்து மணிக்கு அவள் எல்லாவற்றையும் உறைக்குள் வைத்தாள். முதலில் தன் கடிதம், அடித்த கோட்டோடு. பிறகு பயிற்சி நோட்டிலிருந்து கிழித்த அந்தப் பக்கம். கடைசியாக முதலாளிக்கு சார் எழுதிய பாராட்டுக் கடிதம். அதை அனுப்புவதா வேண்டாமா என்று சாரே முடிவு செய்யட்டும். வைக்கும்போது ஒரு தடவை பிரித்துப் பார்த்தாள். கோடு போடாத வெள்ளைத் தாள். வரிகள் ஒவ்வொன்றும் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருந்தன.

பொட்டலம் கட்டும் பசையைத் தடவி உறையை ஒட்டி, விளிம்பை நகத்தால் இரண்டு முறை நீவினாள். அவசரத்தில் தபால்தலை கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. பிரித்து ஒட்டப் பார்த்தாள், கிழிந்துவிடும் போலிருந்தது. விட்டுவிட்டாள்.

தபால் பெட்டி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், இரண்டு படி ஏறினால் எட்டுகிற உயரத்தில் இருந்தது. உறையின் பாதியைப் பெட்டியின் வாய்க்குள் நுழைத்துப் பிடித்தபடி நின்றாள். திங்கட்கிழமை முதல் பீரியட் கணக்கு. மூன்றாவது பெஞ்சு. பஸ் வந்தது, யாரோ "ஏறுறியா இல்லையாம்மா?" என்று கத்தினார்கள். விரல்களை விட்டாள். உள்ளே, மற்றக் கடிதங்களின் மேல், அது விழுகிற மெல்லிய சத்தம் கேட்டது. திரும்பினாள். இறங்குவதற்கு முன், தன்னையறியாமல், செருப்பு நுனியால் படியைத் தடவிப் பார்த்தாள்.